சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குறாங்க? – புக் ஷெல்ஃப் ஸ்பீக்கரும் சப்வூஃபரும்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

 

ஹெட்ஃபோன் பத்தின எபிசோட் வந்ததுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "அக்கா, புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கேன். எப்படித் தேர்ந்தெடுக்கறது? கூடவே சப்வூஃபரும் வாங்கணுமா, வேண்டாமா?"

இந்த வருஷம் எங்க வீட்டுக்கே நான் ஒரு செட் வாங்கினேன். வாங்குறதுக்கு முன்னாடி மூணு மாசம் படிச்சேன். கிராஃப் பார்த்தேன், எக்ஸெல் ஷீட் போட்டேன். அப்படியும் ஒரு முக்கியமான விஷயத்தைக் கோட்டை விட்டேன். அதனால இன்னிக்கு டெக்னிக்கல் விஷயமும் இருக்கு, எங்க வீட்டுக் கதையும் இருக்கு. ரெண்டையும் பிரிக்க முடியலை.

எங்க வீடு, எங்க ரூம்

நான் கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டம். சென்ட்ரல்ல புறநகர் ரயில் ஏறினா எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் தாண்டி வரணும். இங்க இருக்கற சிப்காட்டை நம்பித்தான் ஊர்ல பாதி வீட்டுல அடுப்பு எரியுது. அப்பா அங்க ஒரு ரோலிங் மில்லுல 27 வருஷம் வேலை பார்த்துட்டு ரிட்டயர் ஆனவர்.

எங்களோடது வரிசையா ஒட்டிக் கட்டின வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர், அதுவும் நாலரை இஞ்ச் சுவர். ஹால் 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. தரை டைல்ஸ், மேல கான்கிரீட், சுத்தி பூசின செங்கல் சுவர். உங்கள்ல பல பேரோட ரூமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். இந்த அளவை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சம்பளம் கொஞ்சம் ஏறினதும் அப்பாவுக்கு நல்லா பாட்டுக் கேட்க ஒரு செட் வாங்கித் தரணும்னு ஆசை. சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தாலும் அரை மணி நேரம் இளையராஜா கேட்டுட்டுத்தான் படுப்பார். இப்போ பாட்டே கேட்கறது இல்லை. கேட்டா, "இப்போ எதுவுமே தெளிவா இல்லம்மா"ன்னு சொல்வார். பாவம், டிவி ஸ்பீக்கர் மோசம்போலன்னு நான் நினைச்சேன்.

முதல்ல அடிப்படை

புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்னா பெயர்ல இருக்கற மாதிரி புத்தக அலமாரியில வைக்கற சைஸ். பெரும்பாலும் ரெண்டு டிரைவர் இருக்கும். கீச்சு சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர், மத்த எல்லாத்துக்கும் ஒரு வூஃபர். வூஃபர் 4 இஞ்ச்ல இருந்து ஆறரை இஞ்ச் வரைக்கும் வரும்.

மனுஷக் காது கேட்கறது தோராயமா 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. 4 இஞ்ச் வூஃபர் இருக்கற ஸ்பீக்கர் பெரும்பாலும் 60, 70 ஹெர்ட்ஸ் வரைக்கும் நேர்மையா இறங்கும். ஆறரை இஞ்ச்னா 45 பக்கம் போகும். அதுக்குக் கீழே இறங்க ஏன் கஷ்டப்படுது? அதே அளவு சத்தம் ஒரு ஆக்டேவ் கீழே வேணும்னா, அதாவது 80 ஹெர்ட்ஸுக்குப் பதிலா 40 ஹெர்ட்ஸ் வேணும்னா, அந்தக் கோன் முன்னும் பின்னும் நாலு மடங்கு தூரம் அசையணும். சின்னக் கோனால அது முடியாது. சப்வூஃபர் தேவைப்படறது அந்த இடத்துலதான்.

சரி, நம்ம பாட்டுல அவ்வளவு கீழே என்ன இருக்கு? நாலு தந்தி பேஸ் கிட்டாரோட ரொம்பக் கீழான ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். பியானோவோட முதல் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில பாடறவரோட நடு ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸ் பக்கம், மந்திர ஸட்ஜம் 65. அப்படின்னா பாடற குரல் எதுக்கும் சப்வூஃபர் தேவையே இல்லை. பேஸ் கிட்டாரோட அடி, டிரம்ஸோட உதை, இப்போ வர்ற எலக்ட்ரானிக் பாட்டு, சினிமாவுல வர்ற வெடி – இதுக்குத்தான் வேணும்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். 41 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வாசிச்சா அதோட 82, 123ன்னு மேல்ஸ்வரங்களும் சேர்ந்தே வரும். ஸ்பீக்கரால 41 தர முடியலைன்னாலும், மேல இருக்கறதை வச்சு நம்ம மூளை அடியில என்ன இருந்திருக்கும்னு கணக்குப் போட்டுக்கும். அப்பாவோட பழைய டேப் ரெக்கார்டர்ல பேஸ் கிட்டார் எப்படிக் கேட்டுதுன்னு ரொம்ப நாள் எனக்குப் புரியலை. ஸ்பீக்கர் பாதி வாசிச்சுது, மீதியை அவர் மூளை வாசிச்சிருக்கு.

சின்ன ஸ்பீக்கரைக் குறைச்சு எடை போடாதீங்கன்னு சொல்ல ரெண்டு உதாரணம். 1970கள்ல பிபிசி இன்ஜினியர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வேன்ல வைக்கறதுக்குன்னு எல்எஸ்3/5ஏ-ன்னு ஒரு குட்டி ஸ்பீக்கர் வடிவமைச்சாங்க. ஒரு அடி உயரம்தான் இருக்கும். அதுல அடி பேஸ் கிடையாது. அவங்களுக்கு முக்கியம் மனுஷக் குரல் மனுஷக் குரலாவே கேட்கணும். இன்னிக்கு வரைக்கும் அதை வாங்க ஆள் இருக்கு. இன்னொண்ணு யமஹா என்எஸ்-10. வெள்ளைக் கோன், கறுப்புப் பெட்டி, ஸ்டுடியோ போட்டோக்கள்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. 1978-ல வீட்டு ஸ்பீக்கராத்தான் வந்தது. வீட்டுல பெருசா எடுபடலை, ஆனா உலகம் முழுக்க ஸ்டுடியோ மேஜைகள்ல ஏறிடுச்சு. 2001 வரைக்கும் தயாரிச்சாங்க. அதுலயும் அடி பேஸ் குறைவுதான். எத்தனையோ ஹிட் பாட்டு அதை வச்சு மிக்ஸ் பண்ணினதுதான்.

கடையில என்ன பார்க்கணும்

ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "மேடம், ஹோம் தியேட்டர் செட்டா? 5.1 இருக்கு, பேஸ் அடிச்சா ஜன்னல் ஆடும்"னு கூப்பிட்டாங்க. ஜன்னல் ஆடறது ஒரு குறைன்னு சொன்னா அங்க யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர்தான் வேணும்னு சொன்னதும், "ரெண்டு போதுமா?"ன்னு பரிதாபமா பார்த்தாங்க. ஒரே பட்ஜெட்டை ஆறு பெட்டிக்குப் பிரிச்சா ஒவ்வொண்ணும் சுமாராத்தான் இருக்கும். ரெண்டு பெட்டிக்குப் போட்டா ரெண்டும் நல்லா இருக்கும்.

நான் பார்த்த விஷயங்களைச் சொல்றேன்.

ஒண்ணு, வாட்ஸ் நம்பருக்கு மயங்காதீங்க. பெட்டியில "பிஎம்பிஓ"ன்னு போட்டு ஆயிரக்கணக்குல ஒரு நம்பர் இருந்தா அதை மறந்துடுங்க, ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. அப்புறம் சென்ஸிட்டிவிட்டி. ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் தருதுன்னு போட்டிருக்கும். 3 டெசிபல் கூடணும்னா ஆம்ப்ளிஃபையர் பவர் ரெண்டு மடங்கு வேணும். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 88 டெசிபல் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெருசு. எங்க ஹால் மாதிரி ரூமுக்கு ஒரு பக்கத்துக்கு 20, 30 வாட்ஸே தாராளம்.

ரெண்டு, பவர்டா பேஸிவ்வா? பவர்டுன்னா ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளயே இருக்கும். முதல் தடவை வாங்கறவங்களுக்கு அதுதான் சுலபம். பின்னாடி "சப் அவுட்"ன்னு ஒரு ஓட்டை இருக்கான்னு பாருங்க. நாளைக்கு மனசு மாறினா உதவும்.

மூணு, பெட்டிக்குப் பின்னாடி காத்துத் துளை, அதாவது போர்ட் இருந்தா, சுவரை ஒட்டி வச்சா பேஸ் வீங்கும். நம்ம ஊர் வீடுகள்ல சுவரை விட்டுத் தள்ளி வைக்க இடம் ஏது? அதனால முன்பக்கம் போர்ட் இருக்கறதோ, போர்ட்டே இல்லாத மூடின பெட்டியோ பாருங்க.

நாலு, டெஸ்ட் பண்ண உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டை எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் போடற டெமோ பாட்டுல எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கும். நான் பி. சுசீலா பாட்டு ஒண்ணு, ஒரு மிருதங்கத் தனி, அப்புறம் ஒரு நியூஸ் வாசிப்பு எடுத்துட்டுப் போனேன். நியூஸ் வாசிக்கறவர் டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்தா, எவ்வளவு பேஸ் இருந்தாலும் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

கடைசியா அஞ்சே கால் இஞ்ச் வூஃபர், முன்பக்க போர்ட், பவர்டு செட் ஒண்ணு வாங்கினேன். ரயில்ல மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

ஒரே வாரத்துல சப்வூஃபர் ஆசை

செட் பண்ணி அப்பாவை உட்கார வச்சுப் பாட்டுப் போட்டேன். அம்மா, "அட, பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருக்கே"ன்னாங்க. அப்பா ரெண்டு பாட்டு கேட்டார். "நல்லாருக்கும்மா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். ஆசையா வாங்கிக் குடுத்த சட்டையைப் பீரோவுல வைக்கற மாதிரி.

எனக்குப் பொறுக்கலை. பேஸ் பத்தலைபோலன்னு முடிவு பண்ணி, ஆபீஸ் நண்பர்கிட்ட இருந்து 10 இஞ்ச் சப்வூஃபர் ஒண்ணு கடன் வாங்கிட்டு வந்தேன். வச்சுப் பார்க்க இருந்த ஒரே இடம் டிவி மூலை. கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். ஏன் 80ன்னா, அதுக்குக் கீழ இருக்கற சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு நம்ம காதால கண்டுபிடிக்க முடியாது. அதனால சப் எங்க இருந்தாலும் பேஸ் ஸ்பீக்கர்ல இருந்து வர்ற மாதிரியே தோணும்.

பாட்டு ஓட ஆரம்பிச்சுது. அப்பா கை நாற்காலிக் கைப்பிடியில தாளம் போட்டுது. அப்படி அவர் தாளம் போட்டு நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு. "இப்பத்தான்டா பாட்டு பாட்டா இருக்கு"ன்னார். அன்னிக்கு அஞ்சு பாட்டு கேட்டார். மறுநாள் காலையில அவரே போட்டுக்கிட்டார்.

மூணாவது நாள் மதியம் கதவைத் தட்டுற சத்தம். பக்கத்து வீட்டுத் தம்பி. ஒடிசாவுல இருந்து வந்து சிப்காட்ல வேலை செய்யறவர், இன்னும் மூணு பேரோட அந்த ஒரு ரூம்ல இருக்கார். கண்ணு ரெண்டும் சிவந்து போய் நிக்கறார். "அக்கா, பாட்டு நல்லா இருக்கும். ஆனா தூக்கம் வராது. நைட் டூட்டி."

"தம்பி, சத்தம் கம்மியாத்தானே வச்சிருக்கோம்"னேன். நிஜமாவே கம்மிதான், நாங்க பேசிட்டே கேட்கற அளவு. அவர் சண்டை போடலை. "நீங்க வந்து கேளுங்க"ன்னார்.

போனேன். தரையில நாலு பாய், சுவர்ல ஒரு ஃபேக்டரி யூனிஃபார்ம். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். ஆனா அங்க நின்னப்போ அது என்ன பாட்டுன்னே தெரியலை. குரல் இல்லை, வயலின் இல்லை. டும்... டும்... டும். சுவர்ல கை வச்சா அதிர்வு தெரியுது. ராத்திரி முழுக்க மெஷின் பக்கத்துல நின்னுட்டு வந்த ஒருத்தர், அந்த டும் டும்முக்கு நடுவுல மூணு நாளா தூங்கப் பார்த்திருக்கார்.

சுவர் ஏன் பேஸை மட்டும் விடுது

ஒரு சுவர் சத்தத்தைத் தடுக்கறது அதோட எடையாலதான். ஆனா சத்தத்தோட அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் அந்தத் தடுப்பு தோராயமா 6 டெசிபல் குறையும். 800 ஹெர்ட்ஸ்ல இருந்து 50 ஹெர்ட்ஸுக்கு வரணும்னா நாலு தடவை பாதியாகணும். அப்போ அதே சுவர், குரலைத் தடுக்கறதை விட பேஸை 24 டெசிபல் குறைவாத் தடுக்குது. பாட்டை எங்க வீட்டுலயே நிறுத்தி, அடியை மட்டும் அங்க அனுப்பியிருக்கு.

இன்னொரு ஏமாத்தமும் இருக்கு. நான் போன்ல டெசிபல் மீட்டர் ஆப் வச்சு அங்க அளந்தேன். நம்பர் ரொம்பக் கம்மியா காட்டுச்சு. காரணம், அந்த ஆப் "ஏ வெயிட்டிங்"ல இருந்தது. அந்த முறையில 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை 30 டெசிபல் கழிச்சுத்தான் காட்டும். மீட்டர்ல ஒண்ணுமில்லை, மனுஷனுக்குத் தூக்கமில்லை.

சட்டம் என்ன சொல்லுது? 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரின்னா 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும். ஆனா எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ராத்திரிங்கறது காலை 8 மணிக்குத்தான் ஆரம்பிக்கும். இதே அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கும்போது அம்மா என்னை முற்றத்துல பாண்டி ஆடக்கூட விட்டதில்லை. அது எனக்கு எப்படி மறந்துச்சுன்னு தெரியலை.

நான் பார்க்க மறந்த கிராஃப்

அன்னிக்கே சப்பை ஆஃப் பண்ணிட்டேன். அப்பா எதுவும் சொல்லலை. ஆனா பாட்டுக் கேட்கறதை நிறுத்திட்டார்.

அந்த வாரம்தான் அம்மா அவர்கிட்ட, "காசு எடுத்து வச்சிருக்கேன்"னு சொல்ல, அவர் "காதுக்கு என்ன?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சார். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில நின்னுடுச்சு. அடுத்த நாளே காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

ஆடியோகிராம் கையில கிடைச்சுது. இடது பக்கம், அதாவது கீழ் ஸ்தாயி, நல்லா இருந்தது. 3,000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கோடு பள்ளத்துல விழுது. 4,000 ஹெர்ட்ஸ்ல அடிமட்டம். இரைச்சல்ல வேலை பார்த்த காதுக்கு இது தெரிஞ்ச அடையாளம். ஸ, ஷ, ச, த மாதிரி எழுத்துகளோட கூர்மை அந்தப் பக்கம்தான் இருக்கு. அதனால சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது.

அப்பா வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலை விதிகள்ல எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு. இரைச்சலால வர்ற காது கேளாமை, தொழிற்சாலைகள் சட்டத்துலயே அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களோட பட்டியல்ல இருந்தது. அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "காதுல வைக்க பஞ்சு குடுப்பாங்கம்மா. வச்சா சூப்பர்வைசர் கூப்பிடறது கேட்காது. அதனால வைக்கறதில்லை"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

எல்லா ஸ்பீக்கருக்கும் ஃப்ரீக்வென்சி கிராஃப் தேடித் தேடிப் பார்த்தவ நான். கேட்கப் போற காதோட கிராஃபைப் பார்க்கணும்னு தோணவே இல்லை. நான் குடுத்த தெளிவான ட்வீட்டர் அவருக்குக் கேட்கவே இல்லை. அவருக்கு முழுசா மிச்சம் இருக்கறது பேஸ் மட்டும்தான். அதைத்தான் நான் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்.

அப்போ என்ன பண்றது?

இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அந்தத் தம்பி. ரெண்டு பேருக்கும் நியாயம் இருக்கு. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இப்பவாவது பிரயோஜனம் இருக்கணும்னு உட்கார்ந்தேன்.

முதல்ல ரூம் கணக்கு. சத்தத்தோட வேகம் நொடிக்கு தோராயமா 345 மீட்டர். அதை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா, அந்த ரூம் தானா ரீங்காரம் போடற அதிர்வெண் கிடைக்கும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 57. எங்க ஹால்ல உயரமும் 10 அடிங்கறதால அதே 57 ரெண்டு தடவை வருது. அதாவது சப் வைக்கறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு இடத்துலயும் ரூமே பேஸை வீங்க வைக்குது. மூலையில சப் வச்சா அந்த வீக்கத்தை உச்சத்துக்குக் கொண்டு போறோம். நான் பண்ணினது அதேதான், அதுவும் பொதுச் சுவரை ஒட்டி.

தீர்வு ரொம்ப எளிமையா இருந்தது. பெட்டியைக் கேட்கறவர் பக்கத்துல கொண்டு போறது. திறந்தவெளியில தூரம் பாதியானா 6 டெசிபல் கூடக் கிடைக்கும். ரூமுக்குள்ள அவ்வளவு முழுசா கிடைக்காது, ஆனாலும் நிறையவே கிடைக்கும். அப்பாவோட நாற்காலி தெருப்பக்கச் சுவர் ஓரம் இருக்கு. பொதுச் சுவருக்கு நேர் எதிர்ப்பக்கம். கடன் வாங்கின பெரிய சப்பைத் திருப்பிக் குடுத்துட்டு, போர்ட் இல்லாத 8 இஞ்ச் மூடின பெட்டி ஒண்ணு வாங்கி, நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி வச்சேன். முன்னாடி பாதிக்கு மேல திருகி வச்சிருந்த வால்யூம், இப்போ தொட்டும் தொடாம திருகினாலே போதும். அடியில ரப்பர் பேட் போட்டேன். அது தரை கடகடக்கறதைக் குறைக்கும். காத்து வழியா சுவருக்குப் போற சத்தத்தை அது நிறுத்தாது, அதை நம்பி ஏமாறாதீங்க.

அப்புறம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு அவர் ரூம்லயே நிக்கச் சொன்னேன். நான் இங்க இருந்து பாட்டுப் போட்டுட்டு போன்ல கேட்டேன். "தம்பி, கேட்குதா?" "கொஞ்சம் அக்கா." குறைச்சேன். "இப்போ?" "இல்லை." அந்த இடத்துல வால்யூம் திருகுக்கு நேரா பேனாவால கோடு போட்டேன். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுங்கறதுதான் எங்க வீட்டுச் சட்டம்.

இன்னொண்ணும் பண்ணினோம். அவங்க நாலு பேருக்கும் எந்த வாரம் எந்த ஷிஃப்ட்னு எங்க தினசரி காலண்டர் பக்கத்துல ஒரு தாள்ல எழுதி ஒட்டிட்டோம். நைட் ஷிஃப்ட் வாரம்னா அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் சப்பை ஆன் பண்ணுவார். அந்தத் தாளை வாராவாரம் மாத்தி எழுதறது அவரே. அவருக்கு ஷிஃப்ட் கணக்கு சொல்லித் தரணுமா என்ன?

உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?

சுருக்கமா சொல்லிடறேன்.

முதல்ல ஸ்பீக்கர் மட்டும் வாங்குங்க. ஒரு மாசம் அதோட வாழ்ந்து பாருங்க. பேஸ் கம்மியா தோணினா உடனே கடைக்கு ஓடாதீங்க. இடம் மாத்திப் பாருங்க. சுவருக்குப் பக்கத்துல தள்ளினா பேஸ் கூடும். நீங்க ரூம் நட்டநடுவுல உட்கார்ந்திருந்தா பேஸ் காணாமப் போகும், நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி நகர்த்துங்க. அப்புறம், வால்யூம் குறையும்போது நம்ம காது பேஸைத்தான் முதல்ல தொலைக்கும். 1933-லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து காட்டிட்டாங்க. மெதுவாக் கேட்கறவங்களுக்கு, ஆம்ப்ளிஃபையர்ல "லவுட்னெஸ்"னு ஒரு பட்டன் இருந்தா சப்வூஃபர் செலவே மிச்சம்.

கர்நாடக சங்கீதம், பழைய சினிமாப் பாட்டு, பாட்காஸ்ட்தான் அதிகம்னா சப் தேவையில்லை. அஞ்சே கால் இஞ்சோ ஆறரை இஞ்சோ போதும். 4 இஞ்ச் ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க, எலக்ட்ரானிக் பாட்டும் படமும் நிறைய பார்க்கறீங்கன்னா சின்ன சப் ஒண்ணு நல்ல வித்தியாசம் தரும். 8 இஞ்ச் போதும். பத்துக்குப் பத்து ரூமுக்கு 12 இஞ்ச் வாங்கினா, வாங்கினதுல பாதியைக் கூட உபயோகிக்க மாட்டீங்க.

இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கு. நீங்க உட்கார்ற இடத்துல சப்பை வச்சுட்டு, பேஸ் கிட்டார் வர்ற பாட்டைப் போட்டு, நீங்க தரையில தவழ்ந்து ரூமைச் சுத்துங்க. எங்க பேஸ் சீரா கேட்குதோ அங்க சப்பை வைங்க. வீட்டுல யாரும் இல்லாதப்போ பண்ணுங்க, இல்லைன்னா வீடியோ எடுத்துடுவாங்க.

கடைசியா, ஒட்டின சுவர் வீடோ ஃப்ளாட்டோ இருந்தா, ஆன் பண்ணிட்டு ஒரு தடவை பக்கத்து வீட்டுக்குப் போய் நின்னு கேளுங்க. மீட்டர் வேண்டாம், ஆப் வேண்டாம். உங்க காதை எடுத்துட்டுப் போங்க.

அப்பாவுக்குக் காது மெஷின் வைக்கச் சொல்லியிருக்காங்க. "வயசானவன் மாதிரி இருக்கும்"னு இன்னும் தள்ளிப் போட்டுட்டு இருக்கார். சப்வூஃபர் பாட்டைக் குடுத்துச்சு, ஆனா அம்மா பேசறதை அதால குடுக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அடுத்த மாசம் ட்ரையலுக்கு வர ஒத்துக்கிட்டிருக்கார். அது என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

உங்க வீட்டுல யாராவது டிவி வால்யூமை ஏத்திக்கிட்டே போறாங்கன்னா, ஸ்பீக்கர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆடியோகிராம் எடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல ஆம்ப்ளிஃபையர் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் வால்யூமைக் கோட்டுக்குள்ள வைங்க.